டைட்டேனியம் நைட்ரைடு: அந்தத் தங்க நிறப் பூச்சைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேத் பட்டறைக்குள் நுழைந்தவர் எவரும் தங்க நிறத்தில் மின்னும் ட்ரில் பிட்டைப் பார்த்திருப்பார். அந்த நிறத்துக்குப் பின்னால் இருக்கும் பொருள் டைட்டேனியம் நைட்ரைடு. பூச்சுக் கூடம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அங்கே வாடிக்கையாளர்களும், பயிற்சிக்கு வந்த மாணவர்களும், அப்புறம் வீட்டுக்குத் தங்க நிறக் குழாய் வாங்கிய உறவினர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

டைட்டேனியம் நைட்ரைடு என்பது என்ன?

டைட்டேனியம் என்ற உலோகமும் நைட்ரஜன் வாயுவும் சேர்ந்த சேர்மம். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கிறதே, அதே நைட்ரஜன்தான். ஒரு டைட்டேனியம் அணுவுக்கு ஒரு நைட்ரஜன் அணு. எடைக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு 77 பங்குக்கு மேல் டைட்டேனியம், மீதி நைட்ரஜன்.

அணுக்கள் அடுக்கியிருக்கும் முறை சமையல் உப்பின் படிகத்தில் இருப்பது போலவே இருக்கும். ஆனால் உப்பு தண்ணீரில் கரையும், விரலால் நசுக்கினால் பொடியாகும். இது கரையாது, அரத்தால் ராவினாலும் அரம்தான் தேயும். வித்தியாசம் பிணைப்பில் இருக்கிறது. இரண்டு அணுக்களும் எலெக்ட்ரான்களைப் பங்கிட்டு ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. அப்படிப் பங்கிட்ட பிறகும் டைட்டேனியத்திடம் சில எலெக்ட்ரான்கள் மிஞ்சுகின்றன, அவை எந்த உலோகத்திலும் போலத் தாராளமாகத் திரிகின்றன. அதனால் பீங்கானின் கடினமும் உலோகத்தின் மின்கடத்தலும் ஒரே பொருளில் கிடைக்கின்றன. மின்சாரத்தைத் தாய் உலோகமான டைட்டேனியத்தைவிடவே இது நன்றாகக் கடத்தும் என்பது பலருக்கும் ஆச்சரியம் தரும் செய்தி.

அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 5.4 கிராம். உருகுநிலை 2950 டிகிரி செல்சியஸை ஒட்டி.

பட்டறையில் 'டின் கோட்டிங்' என்கிறார்களே, அது வெள்ளீயமா?

இல்லை. டைட்டேனியத்தின் குறியீட்டையும் நைட்ரஜனின் குறியீட்டையும் சேர்த்து எழுதினால் ஆங்கிலத்தில் 'டின்' என்று வாசிக்க வருகிறது, அவ்வளவுதான். பால் பவுடர் டப்பாவின் உள்ளே பூசும் வெள்ளீயத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதைப் பூசிய ட்ரில் பிட் எஃகைத் துளைக்கப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குழப்பம் வரக்கூடாது என்பதற்காக நான் எழுத்து எழுத்தாக 'டி-ஐ-என்' என்றே சொல்வேன். ஆர்டர் எழுதும்போது நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

தங்கம் கலந்திருப்பதால்தான் தங்க நிறமா?

ஒரு துளி தங்கம்கூட இல்லை. தங்கம் ஏன் மஞ்சளாகத் தெரிகிறதோ, ஏறக்குறைய அதே மாதிரி விளைவால்தான் இதுவும் மஞ்சளாகத் தெரிகிறது. உள்ளே திரியும் எலெக்ட்ரான்கள் தம்மீது விழும் சிவப்பு, மஞ்சள் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. நீலத்துக்கு வரும்போது அந்தத் திறன் சட்டென்று விழுந்து, ஒளி உள்ளே இழுக்கப்பட்டுவிடுகிறது. வெள்ளை ஒளியில் நீலம் குறைந்தால் கண்ணுக்குப் பொன்னிறம்.

இதில் பூச்சுக்காரர்கள் மட்டும் அறிந்த ஒரு நுணுக்கம் உண்டு. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு கறாரானது இல்லை. டைட்டேனியம் ஒன்றுக்கு நைட்ரஜன் 0.6 அளவுக்குக் குறைந்தாலும் சரி, ஒன்றைச் சற்றுத் தாண்டினாலும் சரி, படிக அடுக்கு கலையாது. மாறுவது நிறம். நைட்ரஜன் குறைந்தால் வெளிறிய, வெள்ளி கலந்த மஞ்சள். கூடினால் செம்பு சாயல், பிறகு பழுப்பு. அறையைத் திறந்து தட்டை வெளியே இழுத்த நொடியிலேயே, மீட்டர் எதுவும் பார்க்காமல், நைட்ரஜன் சரியாகப் போனதா என்று மூத்த ஆபரேட்டர் சொல்லிவிடுவார். நான் முதலில் கற்றுக்கொண்டதும் அந்தப் பார்வையைத்தான்.

உரைகல்லில் உரைத்தால் தங்கம் போலக் காட்டுமா?

காட்டாது. தங்கம் மெத்தென்றிருப்பதால் கல்லில் கோடு விடுகிறது. டைட்டேனியம் நைட்ரைடு அந்தக் கல்லைவிடக் கடினமானது. அழுத்தி இழுத்தால் கல்லில்தான் கீறல் விழும். எடையும் காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் இந்தப் பூச்சுக்கு அடியில் இருப்பது எஃகோ பித்தளையோதான். கவரிங் நகையோடு இதை ஒப்பிடுகிறவர்கள் உண்டு. கவரிங்கில் மேலே இருப்பது மெய்யான தங்கம், மெல்லியதாக. அது தேயும். இதில் தங்கமே இல்லை, ஆனால் தேய்வது கடினம்.

முதன்முதலில் இதை எங்கே கண்டுபிடித்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கதை மூன்று இடங்களில் நடக்கிறது.

முதல் இடம் வேல்ஸ் நாட்டின் மெர்தர் டிட்ஃபில். 1820களின் தொடக்கத்தில் அங்கிருந்த இரும்பு ஊதுலையின் கசடுக்குள் செம்பு நிறத்தில் சின்னச் சின்னக் கனசதுரங்கள் கிடைத்தன. வேதியியலாளர் வில்லியம் வொல்லஸ்டன் அவற்றை ஆராய்ந்து, தூய டைட்டேனியம் உலோகம் என்று அறிவித்தார். கால் நூற்றாண்டு கழித்து, 1849இல், ஜெர்மானியரான ஃபிரீட்ரிக் வோலர் அவற்றுக்குள் நைட்ரஜனும் கார்பனும் இருப்பதைக் காட்டினார். வொல்லஸ்டன் கையில் வைத்திருந்தது நைட்ரைடும் கார்பைடும் கலந்த பொருள். அவர் கவனக்குறைவானவர் என்று சொல்ல மாட்டேன். உலோகம் போல மின்னி, மின்சாரத்தையும் கடத்தும் ஒரு பொருளை அந்தக் காலத்தில் வேறு என்னவென்று நினைப்பார்கள்?

இரண்டாவது இடம் இந்தியா. 1852 டிசம்பர் 2 அன்று இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி அருகே ஒரு விண்கல் விழுந்தது. அது லண்டன் போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நெவில் ஸ்டோரி மாஸ்கலின் அதை ஆராயும்போது, கண்ணுக்குத் தெரிவதே அரிதான பொன்னிற எண்முகப் படிகங்களைக் கண்டு 1870இல் விவரித்தார். அந்தக் கல்லைப் பாதுகாத்துக் கொடுத்த ஜார்ஜ் ஆஸ்போர்னின் நினைவாக அதற்கு ஆஸ்போர்னைட் என்று பெயர் வைத்தார். அது டைட்டேனியம் நைட்ரைடுதான் என்று உறுதியானது 1941இல். ஆக, இயற்கைக் கனிமமாக இந்தப் பொருள் உலகுக்கு அறிமுகமானது நம் நாட்டில் விழுந்த கல்லிலிருந்து.

மூன்றாவது இடம் வால்மீன். நாசாவின் ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்டு-2 என்ற வால்மீனின் தூசியைப் பிடித்து 2006 ஜனவரியில் பூமிக்குக் கொண்டுவந்தது. அந்தத் தூசித் துகளிலும் ஆஸ்போர்னைட் இருந்தது. இதில் ஒரு புதிர் இருக்கிறது. வால்மீன் உறைபனிப் பிரதேசத்தில் உருவான பொருள். ஆஸ்போர்னைட்டோ கடும் வெப்பத்தில், இளஞ்சூரியனுக்கு அருகில் மட்டுமே உருவாகக்கூடியது. அப்படியானால் சூரியக் குடும்பம் பிறந்த காலத்தில் உள்பக்கப் பொருள் வெகுதூரம் வெளியே தள்ளப்பட்டிருக்க வேண்டும். ட்ரில் பிட்டின் மேல் இருக்கும் அதே பொருள்தான் இந்தச் சாட்சியைச் சொல்கிறது.

எவ்வளவு கடினம்?

கடினத்தை எண்ணால் சொல்லும் விக்கர்ஸ் அளவில் பூச்சுக்குச் சாதாரணமாக 2000 முதல் 2400 வரை சொல்வார்கள். ஒப்பிட்டுப் பார்க்க: நன்றாகக் கடினப்படுத்திய ஹெச்எஸ்எஸ் (ட்ரில் பிட் போன்ற கருவிகள் செய்யும் அதிவேக எஃகு) சுமார் 850. வெட்டும் கருவிகளுக்கான டங்ஸ்டன் கார்பைடு பெரும்பாலும் 1500க்கும் 1800க்கும் இடையில். மாணிக்கமும் நீலமும் சேர்ந்த குருந்தக் கல் சுமார் 2000. வைரம் இவற்றுக்கெல்லாம் வெகு மேலே.

ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பூச்சின் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 4 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. சேற்றின் மேல் கண்ணாடித் தகடு விரித்து அதில் கால் வைத்தால் கண்ணாடி உடையத்தான் செய்யும். குற்றம் கண்ணாடியுடையது இல்லை, அடியில் தாங்க ஆள் இல்லை. மெத்தென்ற இரும்பின் மேல் பூசிய டைட்டேனியம் நைட்ரைடும் அப்படித்தான். அழுத்தம் வந்ததும் அடித்தளம் அமுங்கும், மேல்பூச்சு முட்டை ஓடு போல விரியும். பூச்சுக் கூடத்தில் இருந்த காலத்தில் நான் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே விஷயம் இதுதான்: நல்ல கருவியை இந்தப் பூச்சு இன்னும் நல்ல கருவியாக்கும், மட்டமான கருவியைக் காப்பாற்றாது.

எப்படிப் பூசுகிறார்கள்?

இரண்டு வழிகள். பழைய வழி வேதி ஆவி முறை, பட்டறை மொழியில் சிவிடி. டைட்டேனியம் டெட்ராகுளோரைடு என்ற திரவத்தை ஆவியாக்கி, ஹைட்ரஜன், நைட்ரஜனோடு சேர்த்துச் சுமார் 1000 டிகிரியில் இருக்கும் உலைக்குள் விடுவார்கள். கருவியின் மேல் நைட்ரைடு படியும், ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். கருவியின் முனையில் மாட்டிக் கழற்றும் கார்பைடு துண்டுகளான இன்செர்ட்டுகளுக்கு இது அருமையாகப் பொருந்தியது. ஹெச்எஸ்எஸ் கருவிக்குப் பொருந்தவில்லை. அந்த எஃகைக் கடினப்படுத்திய பின் பதப்படுத்துவதே 550 டிகிரி வாக்கில்தான். 1000 டிகிரிக்குக் கொண்டுபோனால் கடினம் போய்விடும், வடிவமும் கோணும்.

அந்தத் தடையை உடைத்தது இரண்டாவது வழி, இயல் ஆவி முறை, பட்டறை மொழியில் பிவிடி. வெற்றிட அறைக்குள் டைட்டேனியக் கட்டியை வைத்து, அதன்மேல் மின்வில்லை, அதாவது ஆர்க்கை, ஓடவிடுவார்கள். வில் தொட்ட இடத்தில் டைட்டேனியம் நேரடியாக ஆவியாகி அயனிகளாகப் பறக்கும். அறைக்குள் நைட்ரஜனைக் கொஞ்சமாக விட்டு, கருவிக்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால், அயனிகள் வேகமாக வந்து மோதி அங்கேயே நைட்ரைடாகப் படியும். எல்லாம் 450 டிகிரிக்குள் முடிந்துவிடும். இந்த மின்வில் முறை 1970களில் சோவியத் ஒன்றியத்தில், கார்கிவ் நகரத்து ஆய்வாளர்களிடம் வளர்ந்தது. பிறகு அமெரிக்கா போய் உலகமெங்கும் பரவியது. 1980க்குப் பிறகு தங்க நிற ட்ரில் பிட்டுகள் கடைக்கு வந்தது அதனால்தான்.

மின்வில்லுக்குப் பதில் ஆர்கான் வாயுவின் அயனிகளால் டைட்டேனியத்தைத் தட்டித் தெறிக்கவைக்கும் முறையும் உண்டு. அதில் மேற்பரப்பு வழவழப்பாக வரும். வில் முறையில் நுண்ணிய உலோகத் துளிகளும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், ஆனால் பிடிமானம் வலுவாக இருக்கும்.

எந்த வேலைக்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்?

சாதாரண எஃகு, குறைந்த கலப்பு எஃகு, வார்ப்பிரும்பு ஆகியவற்றில் துளையிட, மரை போட, மில்லிங் செய்ய நல்ல தேர்வு. பூச்சில்லாத ஹெச்எஸ்எஸ் கருவியைவிட இரண்டு மூன்று மடங்கு ஆயுள் கிடைப்பது சகஜம். வெட்டும்போது வரும் உலோகச் சுருள், கருவியின் முகத்தில் ஒட்டிக்கொள்வது குறைவதுதான் முக்கியக் காரணம் என்பது என் அனுபவம்.

அலுமினியத்துக்கு இதைச் சொல்ல மாட்டேன். அலுமினியம் வெட்டு விளிம்பில் ஒட்டிப் பிசுபிசுவென்று குவியும். அதற்குப் பாலிஷ் செய்த வெறும் கருவியோ வேறு பூச்சோ மேல். டைட்டேனியக் கலவைகளை வெட்டவும் வேண்டாம், இனம் இனத்தோடு ஒட்டும்.

உருகுநிலை 2950 டிகிரி என்றால் 1000 டிகிரியில் பயன்படுத்தலாமா?

காற்றில் முடியாது. உருகுவது வேறு, எரிந்து ஆக்ஸைடு ஆவது வேறு. 500 டிகிரியைத் தாண்டியதும் காற்றின் ஆக்சிஜன் நைட்ரஜனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கத் தொடங்கும். பூச்சு டைட்டேனியம் டைஆக்ஸைடாக மாறி, நிறம் போய், உதிரும். வேகமாகவும் கூலண்ட் என்ற குளிர்விக்கும் திரவம் இல்லாமலும் வெட்டும்போது விளிம்பு இந்த வெப்பத்தைச் சுலபமாகத் தாண்டும்.

அதற்காகத்தான் அலுமினியம் சேர்த்த டைட்டேனியம் அலுமினியம் நைட்ரைடு வந்தது. சூட்டில் அதன் மேல் அலுமினியம் ஆக்ஸைடுத் திரை உருவாகி, 800 டிகிரி வாக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும். நிறம் ஊதா கலந்த கருப்பு.

அப்படியென்றால் பழைய தங்க நிறப் பூச்சு இன்னும் எதற்கு?

எல்லா வேலையும் கொதிக்கும் வேகத்தில் நடப்பதில்லை. மரை போடும் டேப், பல்சக்கரம் வெட்டும் ஹாப், பிளாஸ்டிக் அச்சு, தகட்டில் துளை குத்தும் பஞ்ச் ஆகியவை மிதமான சூட்டில்தான் வேலை செய்கின்றன. அங்கே இது போதும், விலையும் குறைவு. இன்னொரு பயன் பலர் கவனிக்காதது. பல அடுக்குப் பூச்சுள்ள கார்பைடு இன்செர்ட்டுகளில் மேல்தோலாக மெல்லிய டைட்டேனியம் நைட்ரைடு போடுகிறார்கள். எந்த முனை பயன்பட்டது, எது புதிது என்று மஞ்சள் தேய்ந்ததை வைத்து ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

சாணை பிடித்தால் பூச்சு போய்விடாதா?

சாணை பட்ட முகத்தில் போய்விடும், மற்ற இடத்தில் இருக்கும். ட்ரில் பிட்டின் முனையைத் தீட்டினாலும் சுருள் ஏறிவரும் பள்ளத்தில் பூச்சு அப்படியே நிற்கும், அதனால் பலன் ஓரளவு தொடரும். விலை உயர்ந்த ஹாப் போன்றவற்றைப் பழைய பூச்சை உரித்துவிட்டு மறுபடி பூசச் சொல்லலாம். எஃகுக் கருவியிலிருந்து உரிக்க ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த காரக் கரைசல் பயன்படுகிறது. கார்பைடு கருவிகளை உரிப்பதில் கூடுதல் கவனம் வேண்டும், அந்தக் கரைசல் கார்பைடையும் கோபால்ட்டையும் தின்னக்கூடும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் தங்க நிற பிட் உண்மையானதா?

சில உண்மை. சில வெறும் சாயம், அல்லது எஃகைச் சூடாக்கினால் வரும் வைக்கோல் நிறம். எனக்குத் தெரிந்த எளிய வழி, பழைய அரத்தின் மூலையால் தண்டுப் பகுதியில் மெதுவாகக் கீறிப் பார்ப்பது. சாயம் உடனே வழிந்துவரும். மெய்யான பூச்சில் கீறல் விழாது, அரத்தின் உலோகம்தான் சாம்பல் கோடாக ஒட்டும், துடைத்தால் போய்விடும். பூச்சு மெய்யாகவே இருந்தாலும் உள்ளே இருக்கும் எஃகு என்ன ரகம் என்று கேளுங்கள். 'டைட்டேனியம் பிட்' என்று அட்டையில் எழுதியிருந்தால் உள்ளே டைட்டேனியம் என்று எண்ண வேண்டாம்.

உடலுக்குள் வைக்கலாமா?

வைக்கிறார்கள். உடலின் திரவங்கள் இதைக் கரைப்பதில்லை, திசுக்கள் பொதுவாக இதைப் பொறுத்துக்கொள்கின்றன. மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் கோபால்ட்-குரோமியம் உலோகத்தில் கொஞ்சம் நிக்கலும் இருக்கும். இந்த உலோகங்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்காக டைட்டேனியம் நைட்ரைடு பூசிய செயற்கை முழங்கால்கள் உண்டு. ஆனால் மூட்டு என்பது ஆண்டுக்கணக்கில் பாரம் தாங்கி உரசும் இடம். பூச்சு எங்காவது உரிந்தால், அந்தக் கடினமான துகளே மணல் போல இருந்து மற்றதைத் தேய்த்துவிடும். யாருக்கு எது என்பதை எலும்பு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு வியப்பூட்டும் பயன், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியின் கம்பி நுனியில் இருக்கிறது. அங்கே பூசுவது வழவழப்பான பூச்சு இல்லை. காலிஃபிளவர் போல முடிச்சு முடிச்சாக, இடைவெளிகளோடு வளரவிடுகிறார்கள். நுனி கடுகளவே இருந்தாலும் திசுவைத் தொடும் உண்மையான பரப்பு பல மடங்கு கூடுகிறது. இதயத்துக்கு அனுப்பும் துடிப்பு வீணாகாமல் போகிறது, இதயத்திடமிருந்து வரும் நுண்ணிய மின்குறிப்பும் தெளிவாகக் கேட்கிறது. பட்டறையில் நாங்கள் குறையென்று ஒதுக்கும் கரடுமுரடு, அங்கே வேண்டுமென்றே செய்யப்படுகிறது.

பல் உள்வைப்பில் ஈறுக்கு அடியில் வரும் பகுதிக்கும் பூசுவார்கள். சாம்பல் உலோகம் ஈறு வழியாக நிழலடிக்கும், பொன்னிறம் அப்படித் தெரியாது.

வீட்டில் தங்க நிறக் குழாய் வாங்கியிருக்கிறோம். கறுக்குமா?

பிவிடி முறையில் பூசியது என்றால் பித்தளை போலக் கறுக்காது, புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டியதில்லை. கைக்கடிகாரம், கதவுப்பிடி, அலங்கார எஃகுத் தகடு என்று பல இடங்களில் இது இருக்கிறது. ரஷ்யாவில் புதிதாகக் கட்டும், புதுப்பிக்கும் தேவாலயங்களின் குவிமாடங்களுக்குத் தங்கத் தகட்டுக்குப் பதில் இந்தப் பூச்சுள்ள எஃகுத் தகடு வேய்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. இவ்வளவு மெல்லிய பூச்சில் ஊசித்துளைகள் இருக்கும். பாத்ரூம் கழுவும் ஆசிட் பூச்சை ஒன்றும் செய்யாவிட்டாலும், அந்தத் துளை வழியாக இறங்கி அடியில் உள்ள உலோகத்தைத் தின்னும். பிறகு பூச்சு கொப்பளமாகத் தூக்கிக்கொண்டு வரும். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் அடித்தளம் நல்ல ஸ்டெயின்லெஸ் எஃகா என்று கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்றும் அதே துளைகளைத்தான் தேடி வரும்.

கணினிச் சிப்பில் இதற்கு என்ன வேலை?

காவல் வேலை. சிப்பின் உள்ளே அலுமினியக் கம்பி நேரடியாகச் சிலிக்கனைத் தொட்டால், சிலிக்கன் அலுமினியத்துக்குள் கரையும், அந்த இடத்தில் அலுமினியம் ஆணி போல உள்ளே இறங்கும். சந்திப்பு பாழாகிவிடும். இடையில் சில பத்து நானோமீட்டருக்கு டைட்டேனியம் நைட்ரைடு வைத்தால் மின்சாரம் போகும், அணுக்கள் போகாது. டங்ஸ்டனால் துளைகளை நிரப்பும்போதும் அப்படித்தான். டங்ஸ்டன் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற கொடும் வாயு அடியில் உள்ள டைட்டேனியத்தையும் சிலிக்கனையும் தாக்காமல் இது தடுக்கும், டங்ஸ்டன் ஒட்டிக்கொள்ளவும் இடம் கொடுக்கும். இப்போதைய டிரான்சிஸ்டர்களில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் உலோக வாயில்களிலும், நினைவகச் சிப்பின் மின்தேக்கித் தகடுகளிலும் இது இருக்கிறது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் கைபேசிக்குள்ளும் இருக்கும்.

மீக்கடத்தி என்றும் சொல்கிறார்களே?

ஆமாம், வெகு குளிரில். சுத்தமான டைட்டேனியம் நைட்ரைடு, தனிச்சுழிக்கு (இயற்கையில் சாத்தியமான கடைசிக் குளிர்) மேல் 5, 6 கெல்வின் வாக்கில் மின்தடையை முற்றிலும் இழக்கிறது. நைட்ரஜன் அளவைக் குறைத்தால் அந்த வெப்பநிலையும் இறங்கும். வானியலாளர்கள் இதைச் சாதகமாக்கிக்கொண்டு, தொலைநோக்கியில் ஒவ்வோர் ஒளித்துகளையும் எண்ணும் உணரிகளை இந்தப் படலத்தால் செய்து பார்த்தார்கள். கலிஃபோர்னியாவின் பாலோமர் ஆய்வகத்தில் அப்படிப்பட்ட கருவி வானத்தைப் பார்த்திருக்கிறது.

இன்னோர் அறிவியல் பயன் துகள் முடுக்கிகளில். ஜப்பானின் சூப்பர்கெக்பி முடுக்கியில் பாசிட்ரான் (எலெக்ட்ரானின் நேர்மின் எதிர்த்துகள்) கற்றை ஓடும் குழாய்களின் உட்சுவரில் இதைப் பூசியிருக்கிறார்கள். சுவரில் மோதும் எலெக்ட்ரான் மேலும் பல எலெக்ட்ரான்களைத் தெறிக்கவைத்துக் கற்றையைக் குலைத்துவிடும். இந்தப் பூச்சு அந்தத் தெறிப்பைக் குறைக்கிறது.

தண்ணீர் பாட்டிலில் இது இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பயப்பட வேண்டுமா?

பெட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன தண்ணீர் பாட்டில் முதலில் சோதனைக்குழாய் போன்ற ஒரு வார்ப்பாக வரும். அதை அகச்சிவப்பு விளக்கில் சூடாக்கி, காற்று ஊதிப் பாட்டிலாக்குவார்கள். பிளாஸ்டிக்கில் டைட்டேனியம் நைட்ரைடின் நுண்துகள் கொஞ்சம் கலந்தால் வெப்பத்தை நன்றாக உள்வாங்கும், மின்சாரம் மிச்சமாகும். ஐரோப்பிய ஒன்றியம் இதை ஆராய்ந்து, பெட் பாட்டிலில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை அனுமதித்திருக்கிறது. துகள்கள் பிளாஸ்டிக்கை விட்டு வெளியே வருவதில்லை என்பதே அனுமதிக்கான அடிப்படை.

இதன் மூலப்பொருள் நம் பக்கம் கிடைக்கிறதா?

டைட்டேனியம் கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் இருக்கின்றன. இரண்டும் டைட்டேனியத்தின் தாதுக்கள். கேரளத்தின் சவறாவிலும் அப்படியே. அங்கே தாதுவைக் குளோரினோடு சேர்த்து டைட்டேனியம் டெட்ராகுளோரைடு ஆக்கி, அதிலிருந்து பெயின்ட்டுக்கான வெள்ளை நிறமியும் டைட்டேனியம் பஞ்சு உலோகமும் செய்கிறார்கள். சிவிடி உலைக்குள் போகும் திரவத்தின் பெயரும் அதுதான் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கருவியைப் பூச்சுக்கு அனுப்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

சாணையில் வந்த பிசிறை முழுவதும் எடுத்துவிடுங்கள். பிசிறின் மேல் பூசினால் முதல் வெட்டிலேயே பிசிறோடு பூச்சும் போகும். சாணை பிடிக்கும்போது நீலம் பாய்ந்த இடம் இருந்தால் மறுபடி தீட்டுங்கள், அங்கே பூச்சு பிடிக்காது. துரு, பெயின்ட், மார்க்கர் மை, ஸ்டிக்கர் பசை எதுவும் வேண்டாம். வெள்ளிப் பற்றவைப்பு உள்ள கருவி என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பற்றவைப்பில் காட்மியமோ துத்தநாகமோ இருந்தால் வெற்றிடத்தில் ஆவியாகி அறை முழுவதையும் கெடுக்கும். எந்த வெப்பநிலையில் பதப்படுத்திய எஃகு என்பதையும் எழுதி அனுப்புங்கள். 200 டிகிரியில் பதப்படுத்திய பஞ்ச் கருவியை 450 டிகிரி அறைக்குள் வைத்தால் வெளியே வரும்போது அழகாக மின்னும், ஆனால் மெத்தென்று போயிருக்கும்.

மறுபக்கம் திறக்காத ஆழமான குருட்டுத் துளைகளைத் தனியாகச் சுத்தம் செய்யுங்கள். ஒருமுறை அச்சுத் துண்டுகள் சில எங்களிடம் வந்தன. வெளியே பளிச்சென்று இருந்தன. மரைத் துளைகளுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் தங்கியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. வெற்றிடத்தில் சூடானதும் எண்ணெய் ஆவியாகிக் கசிந்து, ஒவ்வொரு துளையைச் சுற்றிலும் பழுப்பு வளையம் விட்டது. அதே அறையில் வேறொருவருடைய டேப்புகளும் இருந்தன, அவையும் கெட்டன. முழுவதையும் உரித்து மறுபடி பூச இரண்டு நாள் ஆயிற்று. அன்றிலிருந்து துளை உள்ள எந்தத் துண்டையும் ஒரு வெள்ளைத் துணியைத் திரித்து உள்ளே விட்டு, கறையில்லாமல் வெளியே வந்தால்தான் தட்டில் அடுக்குவேன்.